இசைத்தட்டின் உறையில் உள்ள பெயர்கள்

(ஜனக்புரியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கத்து ஆண்டு விழாக்களில் குறளின் ஓர் அதிகாரம், சிலம்பின் ஒரு காதை, அல்லது வடநாட்டில் தமிழ் வளர்க்கும் வழி என்னும் பொருள்களுள் ஒன்றே பேச வருவோர்க்குத் தரப்பெறுவது வழக்கம். இவ்வாண்டு நமக்குக் கிடைத்த பொருள் புதியது. சங்கத்து இளைஞர்கள் ஒரு துண்டுத் தாளில் சோல், ஜாஸ், டிரம் அண்ட் பேஸ் என்று மூன்று பெயர்களை எழுதித் தந்தார்கள். "இவற்றுள் நல்ல ஆல்பங்களைத் தேடிக் கண்டடைவது எப்படி என்று பேசுங்கள், எங்கள் வீட்டாரும் கேட்கட்டும்" என்றார்கள். அந்தக் கடைசிச் சொற்களுக்காகவே ஒப்புக்கொண்டோம். நாம் இசைவாணர் அல்லோம். கச்சேரிக்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போடும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

வீட்டார் கேட்கட்டும் என்று பிள்ளைகள் சொன்னதன் பொருளை முதலில் எண்ணிப் பார்ப்போம். நம் ஜனக்புரியில் டி.டி.ஏ. கட்டிய அடுக்கு வீடுகளின் சுவர் எத்துணை மெல்லியது என்பதை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவும்; உயர்ந்த ஒலியோ சுவரிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே அடுத்த அறையில் மகன் கேட்கும் பாட்டில் தந்தையின் செவிக்கு எட்டுவது தும் தும் என்னும் அடியொலி மட்டுமே. மகன் காதில் கருவியை மாட்டிக்கொண்டாலோ, அருகிருப்பவர்க்குக் கேட்பது சிக் சிக் என்னும் தாளச் சிதறல். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் வலிமையே கிடையாது. இவ்வாறு ஒரே வீட்டில் ஒரே பாட்டைத் தலையில்லாமல் ஒருவரும் காலில்லாமல் ஒருவரும் கேட்டுவிட்டு, "இது வெறும் இரைச்சல்" என்று ஒருவரும், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று மற்றொருவரும் தீர்ப்புக் கூறிக்கொண்டிருக்கிறோம். பாட்டை முழுமையாகக் கேட்டவர் அவ்வீட்டில் ஒருவருமிலர்.

இந்த இசை நமக்கு அந்நியம் என்ற எண்ணம் மூத்தோரிடம் இருக்கிறது. அதை மறுக்கப் புகுமுன் ஒரு பறவையை நினைவூட்டுவோம். பூங்காவிலும் மாடி விளிம்பிலும் நாள்தோறும் நாம் காணும் மைனாவே அது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அயலுறவுத் துறை, டியூக் எலிங்டன் என்னும் மாபெரும் ஜாஸ் மேதையையும் அவருடைய குழுவினரையும் நம் நாடு உட்படக் கீழை நாடுகள் பலவற்றிற்கு அனுப்பி வைத்தது. டில்லிக்கு வந்த எலிங்டன் இங்கே நோயுற்று மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. அவருடைய உற்ற துணைவரும் இசையமைப்பாளருமாகிய பில்லி ஸ்ட்ரேஹார்ன் தங்கியிருந்த அறையின் அருகே ஒரு மைனா, ஒரு சிறிய இசைத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் பாடிற்றாம். அந்தத் துணுக்கு அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. 1966-இல் பதிவாகி 1967-இல் வெளிவந்த 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற ஆல்பத்தில், 'புளூபர்ட் ஆஃப் டெல்லி' என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் அந்த மைனாவாகவே பாடுகிறது. நாம் அன்றாடம் கேட்டும் கேளாமல் கடந்து போகிற ஒரு குரலை, சில நாள் தங்கிய விருந்தினர் ஒருவர் கேட்டுக் கொண்டுபோய்ப் பாட்டாக்கிவிட்டார்.

அதற்கும் முன்னர், 1958-இல், டேவ் புரூபெக் என்னும் பியானோ கலைஞர் தம் குழுவுடன் இந்தியா வந்தார். சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை அவர்களைச் சந்தித்தார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட 'டைம் அவுட்' என்ற ஆல்பத்தில், குழுவைச் சேர்ந்த பால் டெஸ்மண்டு இயற்றிய 'டேக் ஃபைவ்' என்னும் உருப்படி உலகெங்கும் புகழ் பெற்றது. அது ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. கண்டசாபு தட்டிப் பழகிய கைகள் அதைக் கேட்டவுடன் தாமாகவே எழும். எழுந்து சற்றே தடுமாறும். ஏனெனில் நம் கண்டசாபு இரண்டும் மூன்றுமாகப் பிரியும். அஃதோ மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது. அந்தத் தடுமாற்றத்தில்தான் இன்பம் இருக்கிறது. வீட்டில் இன்று மாலையே இதைச் செய்து பார்க்கலாம். பாட்டி தாளம் போட, பேரன் பாட்டை ஓடவிடலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டியிருக்கிறது. இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமிருந்து போனதே" என்று மார்தட்டும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. அதே ஆல்பத்தில் ஒன்பது எண்ணிக்கையில் அமைந்த உருப்படியைத் துருக்கி நாட்டுத் தெருப் பாணர்களிடம் கேட்டதாகப் புரூபெக்கே சொல்லியிருக்கிறார். தாளம் எண்ணத் தெரிந்தவர்கள் உலகில் நாம் மட்டும் அல்லர். ஒப்பிடுவது உள்ளே நுழைவதற்கு ஒரு வாயில். உள்ளே போன பிறகும் வாயிலைப் பிடித்துக்கொண்டே நிற்கலாகாது.

சோல் என்னும் இசைக்கு வருவோம். அமெரிக்க நாட்டில் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர், தம் தேவாலயங்களில் பாடிய வழிபாட்டுப் பாடலும், தம் துயரைச் சொல்லிப் பாடிய புளூஸ் என்னும் பாடலும் கலந்து பிறந்தது அது. தேவாலயத்தில் ஒருவர் ஓரடி பாட, கூட்டம் ஏற்றுப் பாடும். நம் பஜனை மடத்தில் பாகவதர் ஒரு நாமாவளியை எடுத்துக்கொடுக்க, கூடத்தில் உள்ளோர் ஏற்றுப் பாடுவதைக் கேட்டவர்க்கு இம்முறை உடனே விளங்கும். 1954-இல் ரே சார்லஸ் என்னும் கண்பார்வையற்ற கலைஞர், தேவாலயப் பாடல் ஒன்றின் மெட்டில் காதற் பாட்டு அமைத்துப் பாடினார். பக்தர்கள் கொதித்தெழுந்தார்கள். கோயிலுக்குரிய இசை மேடைக்கு வரலாமா என்ற வழக்கு நம் நாட்டிலும் நடந்த வழக்கே ஆதலின் அதை விரிக்க வேண்டா. போதகர் ஒருவரின் மகளாகத் தேவாலயத்திற் பாடி வளர்ந்த அரீதா ஃபிராங்ளின், 1967-இல் 'ரெஸ்பெக்ட்' என்னும் பாட்டால் நாடெங்கும் அறியப்பெற்றார். 1972-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத் தேவாலயம் ஒன்றிற்கே திரும்பி வந்து, வழிபாட்டினரின் நடுவில் நின்று 'அமேஸிங் கிரேஸ்' என்ற ஆல்பத்தைப் பாடிப் பதிவு செய்தார். சோல் இசையை இன்னும் கேளாதவர்கள் இந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். மொழி புரியாத தாய்மார்களும் அதில் அமர்ந்து கேட்பார்கள் என்று உறுதியாகச் சொல்வோம்.

இனி நாம் சொல்லப் புகும் ஆல்பம், கொங்கு நாட்டிற் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கியது. 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்பது அதன் பெயர். 1914-இல் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திற் பிறந்து, பத்தமடை தந்த சிவானந்தரிடம் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, இலங்கையில் பல்லாண்டு தொண்டாற்றி, பின்பு அமெரிக்கா சென்ற சுவாமி சச்சிதானந்தரே அவர். 1969-இல் பல நூறாயிரம் இளைஞர் கூடிய வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடக்கி வைத்து அருளுரை கூறியவரும் அவரே. அவரிடம் சென்று சேர்ந்தவர்களுள் ஒருவர் ஆலிஸ் கோல்ட்ரேன் என்னும் அம்மையார். டெட்ராய்ட் நகரத் தேவாலயங்களில் பியானோ வாசித்து வளர்ந்தவர். ஜாஸ் உலகின் பெருஞ்சுடராகிய ஜான் கோல்ட்ரேனின் மனைவி. 1967-இல் கணவர் நாற்பது வயதில் இறந்துபட, சிறு குழந்தைகளுடன் தனித்து நின்ற அம்மையார்க்கு அச்சுவாமிகளின் சொற்கள் ஆறுதலாயின. 1970-இல் பதிவு செய்து 1971-இல் வெளிவந்த இசைத்தட்டுக்குக் குருவின் பெயரையே சூட்டினார்.

அந்தத் தட்டு தம்புராவின் மீட்டலோடு தொடங்குகிறது. நம் செவி உடனே, பாடகர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆலாபனை எடுப்பார் என்று காத்திருக்கும். அது நிகழாது. பருத்த நரம்புகளையுடைய பேஸ் என்னும் பெருவயலின், சின்னஞ்சிறு சொற்கட்டு ஒன்றைக் கையால் மீட்டித் திரும்பத் திரும்பச் சொல்லும். அதன்மேல் அம்மையாரின் ஹார்ப் என்னும் யாழ், நீர்த்திவலைகளை வாரி இறைப்பதுபோல் வந்து விழும். பின்னரே சாக்ஸபோன் வாய் திறக்கும். நம் யாழ் மறைந்து போயிற்றே என்று ஆண்டுதோறும் விழா மேடைகளில் வருந்துகிறோம். நரம்பைத் தடவி எழுப்பும் அத்தகைய ஒலி ஒன்று, தம்புராச் சுருதியின்மேல் மிதந்து வருவதைக் கேட்க விரும்புவோர்க்கு இந்தத் தட்டு கிடைத்திருக்கிறது.

இப்போது தட்டை உறையில் இட்டுவிட்டு, அந்த உறையைத் திருப்பிப் பாருங்கள். ஆல்பங்களைக் கண்டடைவது எப்படி என்ற வினாவுக்கு நாம் அறிந்த விடை அங்கேதான் இருக்கிறது. சாக்ஸபோன் ஃபாரோ சாண்டர்ஸ், பேஸ் சிசில் மெக்பீ, டிரம் ரஷீத் அலி, தம்புரா துளசி என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு போங்கள். ஃபாரோ சாண்டர்ஸைப் பற்றினால், அவர் 1969-இல் வெளியிட்ட 'கர்மா' என்ற தட்டில் போய் நிற்பீர்கள். அதன் உறையிலுள்ள பெயர்கள் உங்களை இன்னும் பல வீடுகளுக்கு அழைத்துச் செல்லும். ஊருக்குப் போகும்போது ஓர் உறவினர் வீட்டில் மற்றோர் உறவினரின் முகவரி கிடைப்பதுபோல இது நடக்கும். கைப்பேசியில் கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த உறை கிடைப்பதில்லை. பாட்டின் தலைப்பும் பாடியவர் பெயரும் ஓடும். அது முடிவதற்குள், நாம் கேளாமலே, இயந்திரம் அடுத்த பாட்டைத் தானே எடுத்துப் பரிமாறிவிடும். அது கொடுப்பது பெரும்பாலும் முன் உண்டதை ஒத்த பண்டமாகவே இருக்கும். தேடித் தின்பதற்கும் ஊட்டித் தின்பதற்கும் சுவையில் வேறுபாடு உண்டு.

உறையைப் படித்துப் பழகினால் நம்மவர் பெயர்களும் அகப்படும். 1976-இல் வெளிவந்த 'சக்தி' என்ற ஆல்பம், அதற்கு முந்திய ஆண்டில் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவு. ஜாஸ் கிதார் கலைஞராகிய ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன், கடம் தி.ஹ. விநாயக்ராம் ஆகியோர் அதில் அமர்ந்திருக்கிறார்கள். முதல் உருப்படி ஏறக்குறைய பதினெட்டு நிமிடம். அதில் தபலாவும் கடமும் ஒன்றையொன்று துரத்தும் இடங்களை நாற்பதாண்டுக்கு மேலாகியும் பிள்ளைகள் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள். மெக்லாஃப்லின் நம் இசையை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டவர் அல்லர். அமெரிக்காவில் டாக்டர் எஸ். இராமநாதன் அவர்களிடம் வீணை கற்றவர். விநாயக்ராம் பின்னர், மிக்கி ஹார்ட் என்பவர் 1991-இல் வெளியிட்ட 'பிளானெட் டிரம்' என்ற ஆல்பத்திலும் வாசித்தார். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அதற்கே. 'சக்தி' குழு நெடுநாள் கழித்து வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' என்ற ஆல்பம் 2024-இல் கிராமி பெற்றபோது, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அக்குழுவில் இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

ஆயினும் அந்த உறையிலும் இல்லாத ஒருவர் உண்டு. கடத்தை வனைந்தவர் பெயர் அதில் இல்லை. மானாமதுரையின் களிமண்ணைப் பிசைந்து, சுருதிக்கு ஏற்பத் தட்டித் தட்டிச் சுவரின் கனத்தைச் சீராக்கும் அக்குடும்பங்களின் உழைப்பு கச்சேரி மேடையில் ஒலிக்கிறது. பெயர் மட்டும் ஒலிப்பதில்லை. பெயர் விடுபடுவது சிறு குறையன்று. அது எத்துணைப் பெருங்குறையாக முடியும் என்பதற்கு டிரம் அண்ட் பேஸ் என்னும் இசையின் வரலாறே சான்று. இனி அதற்குச் செல்வோம்.

1969-இல் வாஷிங்டன் நகரைச் சேர்ந்த 'தி வின்ஸ்டன்ஸ்' என்னும் சோல் குழுவினர் ஒரு சிறு தட்டு வெளியிட்டனர். அதன் முன்பக்கப் பாட்டு நன்கு விலைபோயிற்று. கிராமி விருதும் பெற்றது. பின்பக்கத்தை நிரப்புவதற்காக, தேவாலயப் பாட்டு ஒன்றைத் தழுவி, 'ஆமென், பிரதர்' என்னும் வாய்ப்பாட்டில்லாத உருப்படி ஒன்றை வாசித்து வைத்தனர். அதன் நடுவில் மற்றக் கருவிகள் அடங்கிவிட, கிரகரி கோல்மன் என்னும் டிரம் கலைஞர் மட்டும் நான்கு ஆவர்த்தனம் தனியாக வாசிக்கிறார். ஏழு நொடிக்கு மேல் இராது. நம் தனி ஆவர்த்தனத்தில் வித்துவான் தொடையைத் தட்டிக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது.

பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தன. ஒலித்துணுக்கை நறுக்கி எடுத்து வேண்டியபடி ஒட்டும் கருவிகள் வந்தன. முதலில் அமெரிக்காவின் ஹிப்ஹாப் இளைஞர்களும், பின்னர் 1990-ஐ ஒட்டி இலண்டன் இளைஞர்களும் அந்த ஏழு நொடியை எடுத்துக்கொண்டார்கள். இலண்டனில் அதை விரைவுபடுத்தி, துண்டு துண்டாக வெட்டி, முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றி அடுக்கினார்கள். தகதிமி, தகஜொணு என்று சொற்களை மாற்றி மாற்றிக் கோவை செய்யும் மிருதங்க மாணவனுக்கு இவ்வித்தை புரியும். அதன் கீழே, ஜமைக்கா நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த பெரும் பேஸ் ஒலியைச் சேர்த்தார்கள். ஜங்கிள் என்றும், பின்பு டிரம் அண்ட் பேஸ் என்றும் அதற்குப் பெயர் வந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகள் அந்த ஏழு நொடியின்மேல் எழும்பின. கோல்மனுக்கு அவற்றிலிருந்து ஒரு காசும் வரவில்லை. அவர் 2006-இல் வறுமையில் இறந்தார். குழுவின் தலைவராகிய ரிச்சர்டு ஸ்பென்சர் உயிரோடு இருந்த காலத்தில், 2015-இல், இசை அன்பர்கள் தாமாக நிதி திரட்டி 24,000 பவுன் அவர் கையிற் சேர்த்தார்கள். பாட்டைக் கேட்டவர்கள் உறையைப் படித்ததன் பயன் அது. வெட்டி எடுத்தவர்களுள் பலர் படிக்கவில்லை.

இந்த இசையின் கட்டமைப்பு நம் மூத்தோர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. டிரம் நிமிடத்திற்கு 160 முதல் 180 அடி வரை ஓடும். அதைக் கேட்டுத்தான் நெஞ்சு படபடக்கிறது என்கிறோம். ஆனால் கீழே பேஸ் அதன் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கிறது. மேலே இரண்டாம் காலம். கீழே முதற் காலம். இரண்டும் ஒரே வேளையில். கையால் முதற் காலத்தைப் போட்டுக்கொண்டு வாயால் இரண்டாம் காலத்தில் வரிசை சொல்லிப் பழகியவர்கள் இந்த அவையில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். பேஸைப் பற்றிக்கொண்டு கேளுங்கள். டிரம்மின் வேகம் அச்சுறுத்தாது. இதற்கு நல்ல ஒலிபெருக்கி வேண்டும். கைப்பேசியில் கேட்டால் முதற் காலம் காணாமற் போய்விடும்; எஞ்சுவது ஓட்டம் மட்டுமே.

நிலத்தடி இசை என்று இதனைப் பிள்ளைகள் கூறுவர். கன்னாட் பிளேசில் நிலத்துக்குக் கீழே இருக்கும் பாலிகா பஜாரை நினைத்துக்கொள்ள வேண்டா. பெருநிறுவனங்களும் அரசு வானொலியும் ஏற்காத நிலையில், தாமே பதிவு செய்து, தாமே பரப்பிய இசை என்பதே பொருள். இலண்டனில் நகராட்சி கட்டிய உயர்ந்த அடுக்குமாடி வீடுகளின் மொட்டை மாடிகளில் திருட்டுத்தனமாகக் கம்பி நட்டு, உரிமம் பெறாத வானொலி நடத்தி இவ்விசையைப் பரப்பினார்கள். அந்த மாடிகளில் வளர்ந்தவர்களுள் பலர், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள். தந்தையர் நாட்டின் பேஸ், தாம் பிறந்த நகரத்தின் இயந்திரம், அமெரிக்கத் தேவாலயப் பாட்டின் வழிவந்த டிரம் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே அறையில் கூட்டினார்கள். பிரிஸ்டல் நகரின் ரோனி சைஸ் ஜமைக்காப் பெற்றோரின் மகன். அவர் குழுவின் 'நியூ ஃபார்ம்ஸ்' 1997-இல் இங்கிலாந்தின் மெர்க்குரிப் பரிசை வென்றது.

இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. இலண்டனில் பிறந்து தபலா கற்ற தால்வின் சிங் 1997-இல் 'அனோக்கா' என்னும் தொகுப்பை வெளியிட்டார். அதில் நம் ஏ.ஆர். ரகுமானின் 'பம்பாய்' திரைப்பட இசையும் இடம்பெற்றது. தால்வின் சிங்கின் 'ஓகே' என்னும் ஆல்பத்திற்கு 1999-இல் மெர்க்குரிப் பரிசு கிட்டியது. அந்நாளில் தபலாவையும் சிதாரையும் மேலுக்குத் தூவிய வெற்றுத் தட்டுகளும் ஏராளமாக வந்தன. அவற்றைத் தேடி வாங்க வேண்டியதில்லை. நம் டில்லியிலேயே கௌரவ் ரைனா, தபன் ராஜ் என்னும் இருவர் 'மிடிவல் பண்டிட்ஸ்' என்ற பெயரில் இத்தகைய இசையை அமைத்து, 2002-இல் முதல் ஆல்பம் வெளியிட்டனர். டில்லித் திருமணம் ஒன்றைக் காட்டும் 'மான்சூன் வெட்டிங்' படத்திலும் அவர்கள் இசை ஒலித்தது.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க இயலாது. சுசீலா ராமன் இலண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர், பெற்றோர் தமிழர். வீட்டில் கர்நாடக இசை கற்றார். வெளியே சோலும் புளூஸும் பாடினார். 2001-இல் வெளிவந்த 'சால்ட் ரெயின்' என்ற ஆல்பத்தில் தியாகராசர், தீட்சிதர் கீர்த்தனங்களை அந்தக் கனத்த, அடித்தொண்டைக் குரலிலேயே பாடினார். கமகங்கள் குறைவு, சபாவில் இதை ஏற்கமாட்டார்கள், ஏற்க வேண்டும் என்று நாமும் வாதிடவில்லை. ஆனால் கிட்டும் தூரமும் அறிந்த ஒரு பிள்ளை, தாய் வீட்டுப் பாட்டைத் தன் குரலில் பாடுவது அது. 2011-இல் அவர் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'வேல்'. முருகன் பாடல்களைத் தமிழிலேயே பாடியிருக்கிறார். மலை மந்திரில் கந்த சஷ்டிக்குக் கூடுவோர் இதனைக் கேட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தம் வீட்டுப் பிள்ளைகளோடு வாதாட வேண்டும் என்பது நம் விருப்பம். நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த விஜய் ஐயர் ஜாஸ் பியானோவில் இன்று தலைசிறந்தோருள் ஒருவர். 'ஹிஸ்டாரிசிட்டி' என்ற அவருடைய 2009-ஆம் ஆண்டு ஆல்பத்தையும், தமிழ்நாட்டுக் கிதார் கலைஞர் பிரசன்னாவோடு 2011-இல் வெளியிட்ட 'தீர்த்தா'வையும் தாளம் அறிந்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசி, வீட்டில் பாதித் தமிழில் மறுமொழி கூறுகிறார்கள் என்பது இச்சங்கத்தின் நெடுநாள் கவலை. அவர்கள் கேட்கும் பாட்டும் நம்மைவிட்டுத் தொலைவிற் போகிறதே என்று அக்கவலையோடு இதையும் சேர்த்துக்கொள்கிறோம். பிள்ளைகள் தாளைத் தந்து, "எங்கள் வீட்டாரும் கேட்கட்டும்" என்று சொன்னபோது, தொலைவிற் போகிறவர்கள் பேசும் பேச்சாக அது நமக்குத் தோன்றவில்லை.

ஆதலால் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நம் பகுதியில் 2014-இல் திறந்த தில்லி ஹாட் இசையையே கருப்பொருளாகக் கொண்டு அமைந்தது. ஆயினும் அத்துணைப் பெரிய இடம் நமக்கு வேண்டா. சங்கக் கூட்டம் நடக்கும் அறையே போதும். திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, நல்ல ஒலிபெருக்கி இரண்டு வைத்து, ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து முடிவு வரை கேட்போம். இடையில் பேசலாகாது, காப்பி பின்னரே. தட்டை ஓடவிடுமுன், அதில் வாசித்தோர் அனைவரின் பெயரையும் இளைஞர் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். பெயர்களைத் தேடி எழுதி வருவது பிள்ளைகள் பொறுப்பு. தாளம் எண்ணிச் சொல்வது மூத்தோர் பொறுப்பு. முதல் மாதம் ஆலிஸ் கோல்ட்ரேன். நாற்பது நிமிடத்திற்குள் முடிந்துவிடும். இரண்டாம் மாதம் 'சக்தி'. மூன்றாம் மாதத்திற்குரிய டிரம் அண்ட் பேஸ் ஆல்பத்தை இளைஞர்களே தேர்ந்தெடுக்கட்டும். அன்று மட்டும் மேல்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவது நலம்.